பொய் சொல்லத் தெரியாத கூடக்கொறைய

எந்தக் கேள்விக்கும் நேரான பதில் சொல்லாமல், அதே சமயம் ஒரே ஒரு பொய்கூடச் சொல்லாமல், மூன்று வருஷம் ஒரு மகளிர் விடுதியில் குப்பை கொட்டிய ஒரே பிறவி இந்தப் பூமியில் எங்கள் கூடக்கொறைய மட்டும்தான். நம்பாதவர்கள் எங்களோடு கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் சிறிது நேரம் யோசிப்பார்கள்.

அந்தப் பெயர் முதல் நாளே அவளுக்கு வந்துவிட்டது. நான் மேட்டுப்பாளையத்திலிருந்து, அப்பாவின் பாக்கு மண்டி ஜீப்பில் பெட்டி படுக்கையோடு வந்து விடுதி அறையில் இறங்கினேன். உள்ளே ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி, தன் கட்டிலை ஜாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள். பேச்சுக் கொடுப்போமே என்று, "எந்த ஊரு நீ?" என்றேன்.

"காங்கேயத்துக்குப் பக்கமுங்க. கூடக்கொறைய எட்டுக் கிலோமீட்டர்."

"எட்டா, எட்டுக்கு மேலயா?"

"அது எங்கிருந்து அளக்கறோமுங்கறதப் பொறுத்துங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்துன்னா எட்டரை. ஊர் பேர் போட்ட போர்டுல இருந்துன்னா ஏழே முக்கால். அதுதானுங்க கூடக்கொறையன்னேன்."

நான் சும்மா பேச்சுக்குக் கேட்டவள். அதற்கு இவ்வளவு பொறுப்பாகப் பதில் சொன்ன ஆளை அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் யாருக்கும் 'ங்க' போடாமல் பேச மாட்டாள் என்பதும் அன்றே தெரிந்தது. நான், வாட்ச்மேன், மெஸ் பூனை, எல்லோருக்கும் ஒரே மரியாதை.

கொஞ்ச நாளில் வகுப்பில் பிழைக் கணக்கு என்ற பாடம் வந்தது. "எந்த அளவைச் சொன்னாலும், அதில் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது இல்லாத எண்ணுக்கு இயற்பியலில் மதிப்பு இல்லை" என்றார் எங்கள் இயற்பியல் மேடம். நாங்கள் எல்லோரும் அதை எழுதிக்கொண்டோம், பரீட்சைக்கு முதல் நாள் படித்தோம், மறுநாள் மறந்தோம். கூடக்கொறைய மட்டும் அதைத் தீட்சை வாங்கிக்கொண்ட மாதிரி எடுத்துக்கொண்டாள். அதுவரை இயல்பாக இருந்தது, அன்றிலிருந்து கொள்கை ஆகிவிட்டது.

முதலில் மாட்டியவர் விடுதி வார்டன். ஞாயிற்றுக்கிழமை வெளியே போனால் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆறு மணிக்கு மேல் ஆனால் கேட் மூடிவிடுவார்கள்.

"எப்ப வருவே?"

"ஆறு மணிங்க மேடம். கூடக்கொறைய இருபது நிமிசம்."

"ஆறுன்னா ஆறு. அதென்ன கூடக்கொறைய?"

"சிங்காநல்லூர்ல பஸ் எப்ப எடுப்பாங்கன்னு எனக்கெப்படிங்க தெரியும்?"

"ஆறு மணி ஒரு நிமிஷம் ஆனாலும் கேட் தொறக்காது."

அவள் அங்கேயே நின்று யோசித்தாள். பின்னால் பத்துப் பேர் வரிசையில் முணுமுணுத்தார்கள். கடைசியில் முகம் மலர்ந்து, "அப்படீன்னா அஞ்சே முக்கால், கூடக்கொறைய பதினஞ்சு நிமிசம்னு போட்டுக்கோங்க மேடம். எப்படிப் பாத்தாலும் ஆறைத் தாண்டாதுங்க" என்றாள். வார்டன் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை ஒரு முறை முழுசாகப் பார்த்தார். அதற்குப் பிறகு அவளிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டார்.

மெஸ்ஸில் தோசை மாஸ்டருக்கு அவள் என்றால் கொள்ளைப் பிரியம். "எத்தனை கண்ணு?" என்பார். "மூணுங்கண்ணா, கூடக்கொறைய ஒண்ணு" என்பாள். மாவு மிச்சமிருக்கிற நாளில் அவர் நாலு போடுவார், மாவு பத்தாத நாளில் இரண்டு. இரண்டு பேருக்கும் அதில் மனவருத்தம் வந்ததே இல்லை. நாங்கள் மூன்று என்று கறாராகச் சொல்லிவிட்டு, இரண்டோடு அவர் கையை விரித்தால் சண்டைக்குப் போவோம்.

அவளுடைய மேஜைக்கு மேல், மற்ற பிள்ளைகள் சாமி படமோ நடிகர் படமோ ஒட்டுகிற இடத்தில், யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரரின் கல்யாணப் பத்திரிகை ஒட்டியிருந்தது. ஜமீலா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். ஜமீலா எங்கள் லேப் குழுவில் மூன்றாவது ஆள், கோட்டைமேட்டிலிருந்து தினமும் வந்துபோகிறவள், சந்தேகம் என்று வந்தால் விட மாட்டாள்.

"யாருடி இந்த மாப்பிள்ளை? உனக்கு யாரு இவரு?"

"அவியளை எனக்குத் தெரியாதுங்க. இதப் படிங்க." கையால் காட்டினாள். 'காலை ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள்' என்று இருந்தது. "நம்மூருல இந்த ஒரு விசயத்துல மட்டுந்தானுங்க பிழையோட சேத்து அச்சடிக்கறாங்க. ஆறே முக்கால், கூடக்கொறைய முக்கால் மணி நேரம். எத்தனை சுத்தமா இருக்குது பாருங்க!"

ஜமீலா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இதெல்லாம் விடுதிக்குள் இருந்தவரை வேடிக்கைதான். வினை வந்தது லேபில்.

இயற்பியல் லேப் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு விடை உண்டு. இந்தக் கம்பிக்கு இவ்வளவு, இந்த லென்ஸுக்கு இவ்வளவு என்று அந்த விடைகளை சீனியர் அக்காக்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் கல்லூரியை விட்டுப் போவார்கள். தாய் வீட்டுச் சீர் மாதிரி அது தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. விடை கையில் இருந்தால் பிறகு என்ன? கடைசி வரியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கருவியில் என்ன அளவு வந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து எழுதிவிடலாம். இதற்கு எங்கள் லேபில் 'உருட்டு' என்று பெயர். கருவியை ஒப்புக்குத் தொட்டுப் பார்ப்போம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற நேரத்தில்தான் அதை நன்றாகத் தொட்டோம் என்று சொல்லலாம்.

கூடக்கொறைய அளந்தாள். நிஜமாகவே அளந்தாள். நாங்கள் உருட்டி முடித்து கேன்டீனில் பஜ்ஜி தின்றுவிட்டு வந்து பார்த்தால், அவள் அதே ஸ்டூலில் உட்கார்ந்து கருவியோடு பேசிக்கொண்டிருப்பாள். கால்வனோமீட்டர் என்று ஒன்று உண்டு. மின்சாரத்தை அளப்பது. அதில் ஒரு ஒளிப்புள்ளி அளவுகோலில் இங்கும் அங்கும் ஓடும். "ஏனுங்க, சித்தெ நில்லுங்க. எங்கீங்க போறீங்க? இக்கட்ட வாங்க" என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவள் கெஞ்சினால் அது நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் எல்லோருக்கும் ஒன்பது புள்ளி எட்டு வந்தது. வராமல் எங்கே போகும்? மேடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"உனக்கு எவ்வளவு கண்ணு?"

"ஒம்பது புள்ளி அஞ்சுங்க மேடம். கூடக்கொறைய புள்ளி நாலு."

"ஏன், காங்கேயத்துக்காரங்களுக்கு மட்டும் பூமி கொஞ்சம் கம்மியா இழுக்குதா?"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "புள்ளி நாலு கூட்டிப் பாருங்க மேடம். ஒம்பது புள்ளி எட்டும் அதுக்குள்ளாற இருக்குதுங்களே" என்றாள்.  மேடத்துக்கும் அது சரி என்று தெரியும். ஆனால் மதிப்பெண் போடும் முறையில் அதற்கு இடமில்லை. விடை சரியாக இருந்தால் முழு மதிப்பெண், விலகினால் வெட்டு. கூடக்கொறையவுக்கு ஒவ்வொரு பருவத்திலும் வெட்டு விழுந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் வருஷம் அவள் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வு எழுதினாள். வகுப்பிலேயே அவளுக்கு மட்டும்தான் இடம் கிடைத்தது, அதுவும் வெளி மாநிலத்தில், பெரிய இடத்தில். எங்கள் விடுதியே அன்று கொண்டாடியது. தோசை மாஸ்டர் கணக்குப் பார்க்காமல் போட்டார். மறுநாள் மேடம் என்னையும் ஜமீலாவையும் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளைகிட்ட நீங்கதான் சொல்லணும். கடைசி செய்முறைத் தேர்வுக்கு வெளியில இருந்து எக்ஸ்டெர்னல் வர்றார். நான் கொஞ்சம் பார்த்துப் போடற மாதிரி அவர் போட மாட்டார். விடை தப்பா இருந்தா ஃபெயில். ஃபெயில் ஆனா அரியர். அரியர் இருந்தா அந்த சீட்டு போயிரும். ஒரே ஒரு நாள், எல்லாரும் பண்றத அவளும் பண்ணட்டும். சொல்லுங்க."

ஒரு பேராசிரியை உருட்டச் சொல்லிக் கெஞ்சியதை நான் அன்றுதான் பார்த்தேன். அவருக்கு அவள் மேல் அவ்வளவு பிரியம்.

நாங்கள் களத்தில் இறங்கினோம். ஜமீலா வீட்டிலிருந்து ஒரு டப்பா பிரியாணி வந்தது. சாப்பிட்டு முடிக்கிறவரை நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அவள் கை கழுவிக்கொண்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

"எங்கம்மா பால் சொசைட்டில பால் ஊத்துறாங்க. அங்க பாலுக்குள்ள ஒரு குழாய மெதக்க உட்டு டிகிரி பாப்பாங்க, அதுக்குத் தக்கதானுங்க காசு. இருபத்தேழரை வந்தா இருபத்தேழுன்னு எழுதிப்போடுவாங்க. சின்னதுல நான் அங்க நின்னு கேப்பனுங்க, அந்த அரை எங்க போச்சுன்னு. 'சும்மா இரு அம்மணி, ரவுண்டாப் போட்டாத்தான் கணக்குக்கு நல்லது'ம்பாங்க. ரவுண்டாப் போடறவிய யாரும் மேல போட்டு நான் பாத்ததில்லீங்க. எப்பவும் கீழதானுங்க. அன்னைலிருந்து என்னமோ வந்த அளவ மாத்தி எழுத எனக்குக் கை வரமாட்டேங்குது."

நான் பிரியாணி டப்பாவை எடுத்து மூடினேன். ஜமீலாதான் சுதாரித்துக்கொண்டாள். "அது பாலுடி. இது பரீட்சை. இங்க யாருக்கும் எதுவும் குறையப் போறதில்ல. நீ ஃபெயில் ஆனா உங்கம்மாதான் அழுவாங்க" என்றாள். அது வேலை செய்தது. "செரிங்க, முயற்சி பண்றனுங்க" என்றாள் கூடக்கொறைய.

அவள் உருட்டக் கற்றுக்கொண்ட அந்த ஒரு சாயங்காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். விடையைக் கொடுத்தோம், பின்னோக்கிக் கணக்குப் போடச் சொன்னோம். எங்களைவிட வேகமாகப் போட்டாள். போட்டு முடித்து அந்த எண்களை உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது மனுசங்க எடுத்த ரீடிங் மாதிரியே இல்லீங்களே. எல்லாம் ஒரே நேர்கோட்டுல வந்து உக்காருது. சித்தெ கெடுக்கோணுமுங்க."

"கெடு, யாரு வேணாங்கறா?"

"எப்படீங்க கெடுக்கறது? நானா யோசிச்சுக் கெடுத்தா அதுவும் ஒரு ஒழுங்கா வந்துருமுங்க."

அறை அறையாக ஏறி இறங்கி, யாரிடமோ இருந்த தாயக்கட்டையை வாங்கி வந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் தாயம் உருட்டி, விழுந்ததற்கு ஏற்பக் கடைசி இலக்கத்தைக் கூட்டிக் குறைத்தாள். பிறகு அந்தத் தாயக்கட்டை சரியாக விழுகிறதா என்று சந்தேகம் வந்து அதைத் தனியாகச் சோதித்தாள். ஒரு பக்கம் தேய்ந்திருப்பதால் மறுபக்கம் அதிகம் விழுகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு திருத்தம் போட்டாள். மெஸ் மணி அடித்தபோது பாதிகூட முடியவில்லை. நிமிர்ந்து பார்த்து, "இத்தன பாடுபட்டு உருட்டறதுக்கு அளந்தே போட்டுறலாமுங்க. நேரம் மிச்சம்" என்றாள். ஜமீலா தலையில் அடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

செய்முறைத் தேர்வு வந்தது. சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள், எந்தச் சோதனை வருகிறதோ அதைச் செய்ய வேண்டும். முதல் நாள் ஜமீலாவுக்கு நியூட்டன் வளையங்கள் வந்தது. மறுநாள் காலையில் எனக்கும் அதேதான். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் லேசாகக் குவிந்த லென்ஸை வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தை விட்டால், நுண்ணோக்கியில் வட்டம் வட்டமாக வளையங்கள் தெரியும். அந்த வளையங்களை அளந்து லென்ஸின் வளைவு ஆரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் உள்ளே குனிந்து பார்த்தேன், வளையங்கள் தெரிந்தன, அழகாக இருந்தன. அதோடு எங்கள் உறவு முடிந்தது. விடை நூறு சென்டிமீட்டர் என்று அக்காக்கள் சொல்லியிருந்தார்கள். பின்னோக்கிப் போய், நூறு புள்ளி இரண்டு என்று பதமாக முடித்தேன். ஜமீலா முதல் நாள் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு என்று முடித்திருந்தாள்.

மத்தியானக் குழுவில் கூடக்கொறைய. நானும் ஜமீலாவும் லேப் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நின்றோம். அவள் சீட்டை எடுத்து மேடத்திடம் காட்டிவிட்டு, நியூட்டன் வளையங்கள் இருந்த மேஜைக்குப் போனாள். ஜமீலா என் கையைப் பிடித்து அமுக்கினாள். "அல்லா காப்பாத்திட்டான். நூறுன்னு ஒரே ஒரு நம்பர். அதுகூடவா எழுத மாட்டா?"

எழுதவில்லை. குனிந்தாள், அளந்தாள், வளையங்களோடு பேசினாள். "ஏனுங்க, ஆடாம இருங்க" என்பது வராந்தா வரைக்கும் கேட்டது. எக்ஸ்டெர்னல் திரும்பிப் பார்த்தார். மனிதர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, சிரிப்பு என்றால் என்ன என்று கேட்பவர் போல இருந்தார். கடைசியில் அவள் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எண்பத்தாறா?"

"ஆமாங்க சார். கூடக்கொறைய ரெண்டு."

அவர் விடைத்தாள் கட்டிலிருந்து இரண்டு தாள்களை உருவினார். "இதே லென்ஸுக்கு நேத்து ஒரு பொண்ணு தொண்ணூத்தொன்பது புள்ளி எட்டு. இன்னிக்குக் காலையில ஒரு பொண்ணு நூறு புள்ளி ரெண்டு. உனக்கு மட்டும் எண்பத்தாறா? மறுபடி பாரு."

போய்ப் பார்த்தாள். வந்தாள். "மறுக்காவும் அதேதானுங்க வருது."

"இப்படியே போட்டா நீ ஃபெயில். தெரியுதா?"

மேடம் அவர் பின்னால் நின்றுகொண்டு, நூறு நூறு என்று உதட்டை மட்டும் அசைத்தார். கூடக்கொறைய அதைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரியுதுங்க சார். ஆனா நூறு வரலீங்க. நீங்களே வேணும்னா ஸ்பெரோமீட்டர் வெச்சுப் பாருங்க சார்" என்றாள்.

ஸ்பெரோமீட்டர் என்பது மூன்று காலும் நடுவில் ஒரு திருகும் உள்ள சின்னக் கருவி. லென்ஸ் மேல் உட்கார வைத்துத் திருகினால் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று நேராகவே சொல்லிவிடும். எக்ஸ்டெர்னலுக்குக் கோபமா ஆர்வமா தெரியவில்லை. அதை வாங்கி, லென்ஸை எடுத்து, தானே திருகிப் பார்த்தார். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டார்.

"எண்பத்தஞ்சரை" என்றார்.

 அப்போது மூலையிலிருந்து லேப் அண்ணன் மெதுவாக முன்னால் வந்தார். கருவிகளை எடுத்து வைத்துத் துடைத்துப் பாதுகாக்கிறவர் அவர்தான். "சார், எக்ஸ்டெர்னல் வாராருன்னு போன வாரம் எல்லாத்தையும் தொடச்சு வெச்சனுங்க. அப்ப பழைய லென்ஸு கை நழுவி ஒடஞ்சு போச்சுங்க. பீரோல வேறொண்ணு இருந்துச்சு. பாக்கறதுக்கு ஒரே மாதிரிதானுங்க இருந்துச்சு, அதான் மாத்தி வெச்சுப்போட்டேன். யார்கிட்டயும் சொல்லலீங்க."

எக்ஸ்டெர்னல் அந்த இரண்டு தாள்களையும் மறுபடி பார்த்தார்.  குப்பைத்தொட்டியில் சில்லுச் சில்லாகக் கிடந்த லென்ஸை, தசமப் புள்ளி வரைக்கும் அளந்து கொடுத்த பெருமை உலகத்திலேயே எங்கள் இருவருக்கும்தான். "இந்த ரெண்டு பொண்ணுங்களும் எங்கே?" என்றார். லேப் அண்ணன் பாவம், ஜன்னலைக் கையால் காட்டிவிட்டார்.

உள்ளே போய் நின்றோம். ஜமீலா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரை கூடக்கொறையவின் தலைக்கு மேல் தொங்கிய கத்தி இப்போது எங்கள் தலைக்கு வந்துவிட்டது. எக்ஸ்டெர்னல் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. நேராக அவளிடம் திரும்பினார்.

"இவங்க உன் பிரெண்ட்ஸா?"

"ஆமாங்க சார்."

"நீதான் இந்த லேப்ல உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளுன்னு தெரியுது. சொல்லு, இவங்களுக்கு நூறு எப்படி வந்தது?"

மூன்று வருஷம் எங்களோடு இருந்தவள். எங்கள் உருட்டு அவளுக்கு அத்துப்படி. போதாக்குறைக்கு, நாங்களே அவளுக்கு வகுப்பெடுத்திருக்கிறோம். அவள் வாயில் பொய் வராது என்பதும் எங்களுக்குத் தெரியும். எனக்கு அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நான் பட்டம் வாங்குகிற போட்டோவை மாட்ட, மண்டியில் இப்போதே ஆணி அடித்து வைத்திருந்தார்.

கூடக்கொறைய எங்களை ஒரு முறை பார்த்தாள். கால்வனோமீட்டரின் ஒளிப்புள்ளியைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு அவரிடம் திரும்பினாள்.

"என்ற ரீடிங் மட்டுந்தானுங்க சார் எனக்குத் தெரியும். அவியளுத நான் அளக்கலீங்க."

எக்ஸ்டெர்னல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டோரம் எதுவோ அசைந்தது. சிரிப்புதான் என்று ஜமீலா இன்றுவரை சாதிக்கிறாள். "நல்ல பதில். அளக்காததைப் பத்திப் பேசக்கூடாது" என்றவர் எங்கள் பக்கம் திரும்பி, "இப்போ ரெண்டு பேரும் உட்காருங்க. நான் பார்க்க, முதல்லேர்ந்து எடுங்க. நிஜமா எடுங்க" என்றார்.

விதிப்படி இது சரியா என்று யாரும் எழுதிக் கேட்க வேண்டாம். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். மூன்று வருஷத்தில் முதல் முறையாக நான் ஒரு கருவியில் ஒழுங்காகக் கண்ணை வைத்தேன். நுண்ணோக்கிக்குள் தெரிகிற குறுக்குக் கம்பியை வளையத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனால், வளையம் நழுவி ஓடியது. அறியாமல் வாயில் "ஏனுங்க, நில்லுங்க" என்று வந்துவிட்டது. எனக்கு எண்பத்தொன்பது வந்தது. பக்கத்திலேயே 'கூடக்கொறைய நாலு' என்று எழுதினேன். தேறினோம். மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலம் ஜமீலா மெஸ்ஸுக்கே வந்துவிட்டாள். கூடக்கொறைய சட்னியைத் தொட்டு தோசை தின்றுகொண்டிருந்தாள். "ஏன்டி, நாங்க உருட்டினது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் ஜமீலா.

"தெரியுமுங்களே."

"அப்புறம்?"

"தெரியறது வேற, அளக்கறது வேறங்க. சட்னி ஊத்திக்கோங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. வெளி மாநிலம் போய் எம்.எஸ்ஸி. முடித்தாள், அங்கேயே ஆராய்ச்சியும் செய்தாள். இப்போது ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவள் கல்யாணப் பத்திரிகை வந்தபோது நான் முதலில் தேடியது முகூர்த்த நேரத்தைத்தான். 'மேல்', 'மணிக்குள்' எல்லாம் சரியாக இருந்தது. வகுப்பில் அவளிடம் படிக்கிற பிள்ளைகள் அவளுக்கு ஏதோ பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களாம். என்ன பெயர் என்று எங்களிடம் சொல்ல மறுக்கிறாள்.

போன வாரம் போன் செய்து, "உன்னைப் பத்தி பத்திரிகைல எழுதப் போறேன்" என்றேன். ஏதாவது தப்பாக எழுதினால் திருத்துவாள் என்று பயம் எனக்கு. "எழுதுங்க அம்மணி, கூடக்கொறைய இருந்தாப் பரவால்லீங்க" என்று சிரித்தாள். அப்போதுதான் இத்தனை வருஷமாக மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு எக்ஸ்டெர்னல் அதோட விட்டுட்டார். ஒருவேளை விடாம, 'அளந்தது இருக்கட்டும், இவங்க உருட்டினாங்களா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லு'ன்னு கேட்டிருந்தா? என்ன சொல்லியிருப்பே?"

 மறுமுனையில் எங்கோ அவள் வீட்டு மாடு கத்தியது. யோசிக்கிறாள் என்று தெரிந்தது. எதையும் யோசிக்காமல் சொல்கிறவள் இல்லையே.

"இல்லீங்க சாருன்னு பொய் சொல்லியிருப்பனுங்க, அம்மணி" என்றாள்.

அவள் வழக்கப்படி பின்னால் ஒரு 'கூடக்கொறைய' வரும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை.